இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டும்: ஒருமுறை எடுக்கும் இரத்தத்திலிருந்து எதைச் சொல்ல முடியும்?

கெடிலக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரைச் சேர்ந்தவள்; புதுச்சேரியில் ஒரு மருத்துவக் கல்லூரியில் மருத்துவ உயிர்வேதியியல் முதுகலை படிக்கிறேன். இறுதியாண்டு ஆய்வுக்கு, கடலூர் நகரத்திலும் தேவனாம்பட்டினம், தாழங்குடா போன்ற கடற்கரை ஊர்களிலும் வாழும் 18 முதல் 45 வயது வரையுள்ள, கருவுற்றிராத பெண்களிடம் இரும்புச்சத்துக் குறைவுக்கும் தைராய்டு இயக்கத்துக்கும் இடையிலான தொடர்பை ஆராயலாம் என்று எண்ணியிருக்கிறேன்.

இந்தத் தலைப்பை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், இரண்டு குறைகளுமே நம் பெண்களிடம் மிகப் பரவலாக இருப்பதுதான். 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. சென்னை உள்ளிட்ட எட்டு இந்திய நகரங்களில் 5,376 பேரிடம் நடத்தி 2013இல் வெளியிடப்பட்ட ஆய்வில், 10.95 விழுக்காட்டினருக்குத் தைராய்டு சுரப்புக் குறைவு காணப்பட்டது. சோர்வு, முடி உதிர்தல், குளிர் தாங்காமை, மாதவிடாய்க் கோளாறு ஆகியவை இரண்டு குறைகளுக்கும் பொதுவான அறிகுறிகள் என்பதால், ஒன்றைக் கண்டுபிடித்த பிறகு மற்றொன்றைத் தேடாமலே விட்டுவிடுகிறார்கள் என்பது என் கவலை.

ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் புரதம்), டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு தளர்ந்தால் இது கூடும்), கட்டற்ற டி4 (இரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் தைராய்டு ஹார்மோன்) ஆகிய நான்கையும் ஒரே முறை எடுக்கும் இரத்தத்தில் அளப்பது என் திட்டம். இதைக் கேட்ட என் வழிகாட்டிப் பேராசிரியர், "இரும்பு குறைந்தவர்களிடம் டி.எஸ்.எச். கூடியிருப்பதாகவே முடிவு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்; அதை வைத்து நீ எதைச் சொல்வாய்?" என்று கேட்டு, விடையோடு வரும்படி அனுப்பிவிட்டார். நெறிமுறைக் குழுவிடம் விண்ணப்பிப்பதற்கு முன்னால் இதற்கு நான் தெளிவு பெற வேண்டும்.

ஏற்கெனவே தைராக்சின் (டி4) மாத்திரை சாப்பிடுகிறவர்களைச் சேர்க்கலாமா, டி3 என்ற மற்றொரு தைராய்டு ஹார்மோனையும் அளக்க வேண்டுமா, கடலூரில் எடுக்கும் இரத்தத்தைப் புதுச்சேரிக்குக் கொண்டுசென்று பரிசோதிப்பதில் என்ன கவனம் தேவை, எத்தனை பேரைச் சேர்த்தால் போதும் என்பவற்றையும் அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மஞ்சக்குப்பம் மருத்துவர் எழுதியது:

அன்புள்ள மாணவிக்கு, உங்கள் பேராசிரியர் கேட்டிருப்பது இந்த ஆய்வின் மையக் கேள்வி. அதற்கு விடை காணாமல் ஒரு குழாய் இரத்தம்கூட எடுக்க வேண்டாம் என்பதே என் கருத்தும்.

இரும்பிலிருந்து தைராய்டுக்குச் செல்லும் வழியை முதலில் பார்ப்போம். தைராய்டு சுரப்பி அயோடினை ஹார்மோனாக மாற்றுவதற்குத் தைராய்டு பெராக்சிடேஸ் என்ற நொதி வேண்டும். ஹீமோகுளோபினில் இருப்பதைப் போலவே இந்த நொதியின் நடுவிலும் இரும்பு தாங்கிய ஹீம் இருக்கிறது. இரும்பு குறைந்த எலிகளில் இந்நொதியின் வேகம் குறைவதை 2002இல் ஹெஸ் குழுவினர் காட்டினார்கள். மனிதர்களிடம் கிடைத்த சான்றுகளில் நான் பெரிதும் மதிப்பது, 2000இல் சிம்மர்மன் குழுவினர் ஐவரி கோஸ்ட் நாட்டுக் குழந்தைகளைக் குறித்து வெளியிட்ட ஆய்வு. கழுத்துக்கழலை இருந்த குழந்தைகள் எல்லாருக்கும் 200 மில்லிகிராம் அயோடின் சேர்ந்த எண்ணெயைக் கொடுத்தார்கள். 30 வாரம் கழித்துப் பார்த்தபோது, இரத்தசோகை இல்லாத குழந்தைகளில் 12 விழுக்காட்டினருக்கே கழலை எஞ்சியிருந்தது. இரும்புக்குறை இரத்தசோகை இருந்த குழந்தைகளிலோ 64 விழுக்காட்டினருக்கு அது அப்படியே இருந்தது. அதன்பின் அந்த இரண்டாம் குழுவுக்கு 12 வாரம் இரும்பு மாத்திரை கொடுத்தார்கள். 65ஆம் வாரத்தில் அவர்களிடமும் கழலை 20 விழுக்காடாகக் குறைந்தது. கிடைத்த அயோடினைக்கூட இரும்பில்லாத உடல் சரியாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது கடினம்.

இனி எதிர்த்திசையைப் பாருங்கள். தைராய்டு ஹார்மோன் குறைந்தால் திசுக்களுக்கு வேண்டிய பிராணவாயுவின் அளவு குறைகிறது. அதனால் சிவப்பணு உற்பத்தியைத் தூண்ட சிறுநீரகம் சுரக்கும் எரித்ரோபொயட்டின் குறைந்து, எலும்பு மஜ்ஜை சிவப்பணுக்களை மெதுவாக ஆக்குகிறது. பெண்களுக்கு மாதவிடாயில் இரத்தப்போக்கு கூடி இரும்பு வெளியேறுகிறது. இரைப்பை அமிலம் குறைவதால் உணவிலுள்ள இரும்பை உறிஞ்சுவதும் தடைப்படுகிறது. சுரப்பியைத் தாக்கும் தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்களில் சிலருக்கு இரைப்பைச் சுவரையும் அதே வகை நோய் தாக்கி, பி12 குறைவையும் உண்டாக்குகிறது. இன்னொரு நுட்பமும் உண்டு: தைராய்டு ஹார்மோன் ஃபெரிட்டின் உற்பத்தியையே தூண்டுவதால், சுரப்பு கூடியவர்களிடம் ஃபெரிட்டின் உயர்ந்தும் குறைந்தவர்களிடம் தாழ்ந்தும் காணப்படுகிறது. அதாவது, இரும்புக்கு அளவுகோலாக நீங்கள் எடுத்துக்கொண்டதையே தைராய்டு அசைத்துவிடுகிறது.

2009இல் துருக்கியில் வெளியான ஒரு மருத்துவப் பரிசோதனையையும் படியுங்கள். இரும்புக்குறை இரத்தசோகையும், வெளியே தெரியாத அளவு தைராய்டுக் குறைவும் சேர்ந்திருந்தவர்களில் ஒரு பிரிவுக்கு இரும்பு மட்டும் கொடுத்தபோது ஹீமோகுளோபின் சராசரியாக 0.4 கிராம் உயர்ந்தது. இரும்போடு தைராக்சினும் கொடுத்த பிரிவுக்கு 1.9 கிராம் உயர்ந்தது.

இப்படி இரண்டு திசைகளிலும் வழி இருக்கும்போது, ஒரே நாளில் எடுத்த இரத்தம் எது முதலில் வந்தது என்பதைச் சொல்லாது. அதோடு, இரண்டும் பரவலான குறைகள் ஆதலால், எந்தத் தொடர்பும் இல்லாமலேயே பலரிடம் தற்செயலாகச் சேர்ந்திருக்கும் என்பதையும் மறக்கலாகாது. எனவே உங்கள் பேராசிரியருக்கு நான் பரிந்துரைக்கும் விடை இது: "இத்தனை பெண்களிடம் இவை இந்த அளவுக்குச் சேர்ந்து காணப்பட்டன என்று மட்டுமே சொல்வேன், காரணம் என்று எழுத மாட்டேன்." காரணத்தைத் தொட்டுப் பேச விரும்பினால், இரும்புக்குறை கண்டறியப்பட்டு எப்படியும் மருந்து எழுதப்படவிருக்கும் ஒரு சிறு பிரிவினரை மூன்று மாதம் கழித்து மீண்டும் பரிசோதியுங்கள். ஃபெரிட்டின் நிரம்பும்போது டி.எஸ்.எச். இறங்குகிறதா என்று பார்ப்பது, ஒருமுறை அளப்பதைக் காட்டிலும் பன்மடங்கு பயனுள்ளது.

தைராக்சின் சாப்பிடுகிறவர்களைச் சேர்க்கவே கூடாது. அவர்களுடைய டி.எஸ்.எச். சுரப்பியின் நிலையைக் காட்டாது, மாத்திரையின் அளவையும் உட்கொள்ளும் முறையையும்தான் காட்டும். சிறிய சிவப்பணுக்கள் உள்ளவர்கள் எல்லாரையும் இரும்பு குறைந்தவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். தலசீமியாக் கூறு (ஹீமோகுளோபின் ஆக்கத்தில் பரம்பரையாக வரும் குறை) உள்ளவர்களுக்கும் அணுக்கள் சிறுத்தே இருக்கும், ஆனால் ஃபெரிட்டின் இயல்பாக இருக்கும்.

ஆய்வகப் பொறுப்பாளர் (புதுவை) எழுதியது:

மருத்துவர் ஐயா சொன்னவற்றோடு முழுமையாக உடன்படுகிறேன். ஆனால் ஆய்வகத்தில் நாள்தோறும் இந்த நான்கு பரிசோதனைகளையும் செய்கிறவன் என்ற முறையில், எண்கள் கருவியிலிருந்து வெளிவருவதற்கு முன்பே ஆய்வு கெட்டுப்போகக்கூடிய இடங்களைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

முதலாவதும் மிகப் பெரியதும் பயோட்டின் என்ற வைட்டமின். முடி உதிர்வுக்காக மருந்துக்கடையில் சீட்டில்லாமலே வாங்கிச் சாப்பிடும் மாத்திரைகளில் 5 அல்லது 10 மில்லிகிராம் பயோட்டின் இருப்பது வழக்கம். உடலின் அன்றாடத் தேவையோ ஏறத்தாழ 30 மைக்ரோகிராம்தான். நம் ஆய்வகங்களிலுள்ள ஒளிர்வுமுறைக் கருவிகளில் பல, பயோட்டினுக்கும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதத்துக்கும் இடையிலுள்ள வலுவான பிணைப்பையே அடிப்படையாகக் கொண்டவை. இரத்தத்தில் மிதக்கும் கூடுதல் பயோட்டின் அந்தப் பிணைப்பிடங்களை நிரப்பிக்கொண்டால், கருவி பெறும் ஒளி குறைந்துவிடும். டி.எஸ்.எச். பரிசோதனையில் இரண்டு எதிர்ப்பொருள்களுக்கு நடுவே ஹார்மோனைப் பிடித்து அளப்பதால் ஒளி குறைந்தால் அளவும் குறைந்து காட்டும். கட்டற்ற டி4 போட்டிமுறையில் (ஹார்மோன் கூடினால் ஒளி குறையும் முறை) அளக்கப்படுவதால் ஒளி குறைந்தால் அளவு கூடிக் காட்டும். விளைவு, நலமாக இருக்கும் ஒரு பெண்ணின் அறிக்கை தைராய்டு மிகைச் சுரப்பு உள்ளவருடையதைப் போல வெளிவரும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017 நவம்பரில் இதைக் குறித்து வெளிப்படையாகவே எச்சரித்தது.

இது உங்கள் ஆய்வுக்குத் தனிப்பட்ட ஆபத்து என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஃபெரிட்டினும் டி.எஸ்.எச். போல இரண்டு எதிர்ப்பொருள் முறையில்தான் அளக்கப்படுகிறது. ஆகவே பயோட்டின் சாப்பிட்ட ஒருவரிடம் ஃபெரிட்டின், டி.எஸ்.எச். இரண்டுமே போலியாகக் குறைந்து காட்டும். நீங்கள் தேடுவதோ, ஃபெரிட்டின் குறைந்தால் டி.எஸ்.எச். கூடுகிறதா என்பதை. அந்தத் தொடர்பு உண்மையிலேயே இருந்தாலும், இத்தகைய சிலர் உள்ளே வந்துவிட்டால் அது அழிந்துபோகும். இரும்பு குறைந்தவர்களுக்கும் தைராய்டு குறைந்தவர்களுக்கும் முடி உதிர்வதால், அந்த மாத்திரையை வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் உங்கள் ஆய்வுக்குள் வழக்கத்தைவிட அதிகமாகவே வருவார்கள். உங்கள் கல்லூரிக் கருவியின் பரிசோதனைப் பெட்டியோடு வரும் கையேட்டில் எந்த முறை, எவ்வளவு பயோட்டின் வரை தாங்கும் என்று அச்சிட்டிருப்பார்கள். அதை முதலில் படியுங்கள். இரத்தம் எடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே அம்மாத்திரையை நிறுத்தச் சொல்லுங்கள். நிறுத்தாதவர்களை வேறொரு நாளில் வரச் சொல்லுங்கள்.

அடுத்து நேரம். டி.எஸ்.எச். இரவில், நள்ளிரவுக்குப் பின் உச்சத்துக்குச் சென்று, பிற்பகலில் தாழ்கிறது. காலை உணவுக்குப் பின்னும் ஓரளவு இறங்குகிறது. ஒரு ஊரில் காலை 8 மணிக்கும் இன்னொரு ஊரில் மதியம் 2 மணிக்கும் முகாம் நடத்தினால், இரண்டு ஊர்களுக்கும் இடையில் நோயே இல்லாத ஒரு வேறுபாட்டைக் கண்டுபிடிப்பீர்கள். எல்லா மாதிரிகளையும் காலை 8 மணிக்கும் 10 மணிக்கும் இடையில், வெறும் வயிற்றில் எடுப்பது நல்லது.

மூன்றாவது, குழாய்கள். சீரத்துக்கான (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்) குழாயை முதலிலும் இ.டி.டி.ஏ. என்ற உறைவுத்தடுப்பி உள்ள ஊதாமூடிக் குழாயைப் பிறகும் நிரப்புங்கள். ஊதாமூடிக் குழாயில் கூடுதலாக எடுத்துவிட்டோம் என்று அதிலிருந்து சீரக் குழாய்க்கு ஊற்றும் வழக்கத்தைச் சில முகாம்களில் பார்த்திருக்கிறேன். அது பெரும் தவறு. இ.டி.டி.ஏ. உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்வதால், கார பாஸ்படேஸ் நொதியைக் கொண்டு ஒளிரும் கருவிகளில் தைராய்டு முடிவுகளையும் குலைத்துவிடும்.

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு ஒரு மணி நேரப் பயணம்தான். ஆனால் முகாம் முடிந்து, கிருமாம்பாக்கம், அரியாங்குப்பம் நெரிசலைத் தாண்டி வந்துசேர மதியமாகிவிடும். ஆகவே இரத்தம் உறைய அரைமணி நேரம் அறை வெப்பத்தில் நிற்கவைத்து, முகாமிலேயே சுழற்றிச் சீரத்தைப் பிரித்துவிட்டு, அதன் பிறகே குளிர்ப்பெட்டியில் வையுங்கள். உறையாத இரத்தத்தை நேராகப் பனிக்கட்டியின்மேல் வைத்தால் அணுக்கள் சிதையும். பிரித்த சீரம் 2 முதல் 8 டிகிரியில் சில நாள் தாங்கும். நீண்ட நாள் வைப்பதானால் சிறு குழாய்களில் பங்கிட்டு உறைய வையுங்கள், உருக்கி மீண்டும் உறைய வைக்க வேண்டாம். ஊதாமூடிக் குழாயை அன்றைக்கே கருவியில் செலுத்திவிடுங்கள். ஒரு நாள் வெளியில் கிடந்தால் சிவப்பணுக்கள் உப்பி, அவற்றின் சராசரிக் கொள்ளளவு பெரிதாகக் காட்டும்.

நீங்கள் மேற்கோள் காட்டிய 53.4 விழுக்காடு, விரல்நுனியில் குத்தியெடுத்த இரத்தத்தைக் கையடக்கக் கருவியில் அளந்து பெற்றது. நீங்கள் சிரையிலிருந்து எடுத்துத் தானியங்கிக் கருவியில் அளக்கப் போகிறீர்கள். இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு, "எங்கள் பகுதியில் இரத்தசோகை குறைவு" என்று எழுதிவிடாதீர்கள்.

டி3 குறித்து: கட்டற்ற டி3 வேண்டாம் என்பது என் துணிவு. அதன் அளவீடு கருவிக்குக் கருவி மாறும். சாதாரணக் காய்ச்சலில்கூட டி3 இறங்கிவிடும். அந்தப் பணத்தை, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற புரதத்தின் பரிசோதனைக்குச் செலவிடுங்கள். உடலில் அழற்சி இருந்தால் இரும்பு காலியாக இருக்கும்போதே ஃபெரிட்டின் உயர்ந்து காட்டும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டியில், நலமான பெரியவர்களுக்கு லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழ் என்றும், தொற்றோ அழற்சியோ உள்ளவர்களுக்கு 70க்குக் கீழ் என்றும் இரண்டு எல்லைகளை வைத்திருக்கிறது. சி.ஆர்.பி. இல்லாமல் இந்த இரண்டில் எதை யாருக்குப் பொருத்துவது என்று உங்களால் முடிவு செய்ய இயலாது.

மஞ்சக்குப்பம் மருத்துவர் எழுதியது:

டி3 பற்றி மட்டும் சிறிது மாறுபடுகிறேன். கட்டற்ற டி3 நம்பகமானதல்ல என்பது சரி. ஆனால் 1990இல் பேர்டு குழுவினர், இரும்புக்குறை இரத்தசோகை உள்ள பெண்களைக் குளிர்ந்த நீரில் அமரவைத்துச் செய்த ஆய்வில், அவர்களுக்கு உடல் வெப்பத்தைக் காக்கும் திறன் குறைந்திருந்ததோடு டி3, டி4 இரண்டும் தாழ்ந்திருந்ததையும் கண்டார்கள். இரும்பு குறைந்த எலிகளின் ஈரலில் டி4ஐ டி3 ஆக மாற்றும் நொதியின் வேகம் குறைவதும் அறியப்பட்டது. ஆகவே டி.எஸ்.எச். இயல்பாக இருக்கும்போதே டி3 இறங்கியிருக்கும் வாய்ப்பு இத்தலைப்புக்கு உரிய ஒன்றுதான். முடிந்தால், காய்ச்சல் முதலியன இல்லாத ஒரு பகுதியினரிடம் மொத்த டி3யை மட்டும் அளந்து பாருங்கள்.

கிராமச் செவிலியர் எழுதியது:

தங்கைக்கு வணக்கம். நான் கடலூர் மாவட்டத்தில் கிராமச் சுகாதாரச் செவிலியராகப் பணியாற்றுகிறேன். நீங்கள் குறிப்பிட்டவை போன்ற மீனவர் ஊர்களில் நெடுநாள் வேலை பார்த்திருப்பதால், மேலே எழுதியவர்கள் சொல்லாத சிலவற்றைச் சொல்கிறேன்.

"பயோட்டின் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால் யாரும் ஆம் என்று சொல்ல மாட்டார்கள். "முடி கொட்டாமலிருக்க ஏதாவது மாத்திரை போடுகிறீர்களா?" என்று கேளுங்கள். அதைவிடவும் நல்லது, வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்து வரச் சொல்வது. இரும்பு மாத்திரையும் அப்படித்தான். அரசுத் திட்டத்தில் வளரிளம் பெண்களுக்கு நீல நிறத்திலும், அதற்கு மேற்பட்ட பெண்களுக்குச் சிவப்பு நிறத்திலும், 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரைகளைக் கொடுக்கிறோம். உங்கள் பட்டியலில் 18, 19 வயதுப் பெண்கள் இருப்பதால் இரண்டு நிறத்தையும் காட்டிக் கேளுங்கள். வாங்கி வைத்திருப்பது வேறு, விழுங்குவது வேறு என்பதை மனத்தில் கொண்டு, "கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்?" என்று கேட்பதே பயன் தரும்.

நேரத்தைப் பற்றி ஆய்வகத்து ஐயா எழுதியதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மீன் விற்கும் பெண்கள் விடிவதற்கு முன்பே எழுந்து துறைமுகத்துக்கு ஏலத்துக்குச் சென்றுவிடுவார்கள். காலை 8 மணிக்கு அவர்கள் வீட்டில் இருக்க மாட்டார்கள். வெறும் வயிற்றிலும் இருக்க மாட்டார்கள். அந்த நேரத்தில் முகாம் வைத்தால் வீட்டிலிருக்கும் பெண்கள் மட்டுமே வருவார்கள், உழைக்கிற பெண்கள் முழுமையாக விடுபட்டுப் போவார்கள். கடலுக்குச் செல்லாத விடுமுறை நாளோ, மீன்பிடித் தடைக்காலமோ பார்த்து முகாமை வைத்தால் அவர்களும் வருவார்கள். கிழக்குக் கடற்கரையில் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இரத்தம் எடுத்துச் சென்றவர்கள் முடிவைச் சொல்லாமல் போய்விட்டார்கள் என்ற மனக்குறை இந்த ஊர்களில் பழையது. அடுத்து வருகிறவர்களுக்குக் கதவு திறக்காததற்கு அதுவே காரணம். அறிக்கையைத் தமிழில் எழுதி, யாரிடம் போக வேண்டும் என்பதையும் குறித்து, ஒவ்வொருவர் கையிலும் நேரில் கொடுப்பதாக இருந்தால், வீடு வீடாக வந்து சொல்ல எங்களைப் போன்றவர்கள் உதவுவோம்.

ஆய்வகப் பொறுப்பாளர் (புதுவை) எழுதியது:

செவிலியர் அம்மா சொன்னது மிகவும் முக்கியம். அதோடு ஒன்றைச் சேர்க்கிறேன்: தூக்கம் டி.எஸ்.எச்.ஐ அடக்கிவைக்கும், தூங்காத இரவில் அது வழக்கத்தைவிட உயரும். விடியற்காலை ஏலத்துக்குச் செல்கிற பெண்ணின் எட்டுமணி டி.எஸ்.எச்.ஐ, இரவு முழுவதும் உறங்கி எழுந்தவருடையதோடு அப்படியே ஒப்பிட முடியாது. தடைக்காலத்தில் முகாம் வைப்பது இந்தச் சிக்கலையும் சேர்த்தே தீர்க்கிறது. முந்தைய இரவு எத்தனை மணிக்குப் படுத்தார்கள், எத்தனை மணிக்கு எழுந்தார்கள் என்பதைப் படிவத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

எண்ணும் எழுத்தும் எழுதியது:

நான் புள்ளியியல் கற்பிக்கிறவன். எண்ணிக்கையைப் பற்றி மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். ஃபெரிட்டினுக்கும் டி.எஸ்.எச்.க்கும் இடையில் 0.3 அளவு ஒட்டுறவு (இரண்டும் சேர்ந்து மாறும் அளவு) இருக்குமென்று எதிர்பார்த்தால், 5 விழுக்காட்டுப் பிழை வரம்பிலும் 80 விழுக்காட்டுத் திறனிலும் (உண்மையான தொடர்பைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) சுமார் 85 பேர் போதும். ஒட்டுறவு 0.2தான் என்றால் 194 பேர் வேண்டும். இவ்வகை ஆய்வுகளில் சிறிய எண்ணையே எதிர்பார்ப்பது அறிவுடைமை. வயது, சி.ஆர்.பி. முதலியவற்றையும் கணக்கில் சேர்க்க விரும்புவதால் 200க்குக் குறையாமல் திட்டமிடுங்கள்.

டி.எஸ்.எச்., ஃபெரிட்டின் இரண்டின் பரவலும் ஒரு பக்கம் நீண்ட வால் உடையவை. மடக்கை எடுத்த பிறகே ஆராயுங்கள். கட்டற்ற டி4 இரு மடங்கு மாறினால் டி.எஸ்.எச். நூறு மடங்கு வரை மாறக்கூடியது என்பதால் உடலியலும் இதையே கேட்கிறது. டி.எஸ்.எச். 4.5 என்ற வழக்கமான மேல் எல்லைக்கு மேல், கீழ் என்று பெண்களை இரு கூட்டமாக வெட்டி ஒப்பிடாதீர்கள், 4.4க்கும் 4.6க்கும் இடையில் உடலில் எந்தச் சுவரும் இல்லை. வெட்டுகிறபோது நீங்கள் பாடுபட்டுச் சேர்த்த தகவலில் பெரும்பகுதியை எறிந்துவிடுகிறீர்கள்.

கெடிலக்கரை எழுதியது:

எல்லாருக்கும் என் மனமார்ந்த நன்றி. செவிலியர் அக்கா சொன்னபடி முகாமைத் தடைக்காலத்துக்கு மாற்றுகிறேன். தைராக்சின் சாப்பிடுகிறவர்களையும், கடந்த மூன்று மாதத்தில் இரும்பு மாத்திரை சாப்பிட்டவர்களையும் விலக்கி, சி.ஆர்.பி.யைச் சேர்த்து, 200 பேருக்குத் திட்டமிடுகிறேன். அவர்களில் இரும்புக்குறை உள்ளவர்களை, மருந்து தொடங்கி மூன்று மாதம் ஆனபின் மீண்டும் பரிசோதிக்கவும் பேராசிரியர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. கடல்மீன் அதிகம் உண்ணும் ஊர்களில் அயோடினையும் அளக்க வேண்டுமா? அடுத்து, பரிசோதனையில் மோசமான முடிவு வந்தவர்களுக்கு, மருத்துவர் அல்லாத நான் அறிக்கையில் என்ன எழுதிக் கொடுப்பது?

மஞ்சக்குப்பம் மருத்துவர் எழுதியது:

அயோடினைக் கட்டாயம் அளக்க வேண்டும். அது குறைந்தாலும் தைராய்டு தளரும். மிகுந்தாலும் சிலருக்குத் தளரும். நகரத்துப் பெண்களுக்கும் கடற்கரைப் பெண்களுக்கும் இடையில் டி.எஸ்.எச். வேறுபட்டால், அதற்குக் காரணம் இரும்பா, மீனா, உப்பா என்று பிரித்தறிய வேறு வழியில்லை. ஒருமுறை தரும் சிறுநீர் போதும். சாண்டல்–கோல்தாஃப் வினையில், சீரியம் உப்பின் மஞ்சள் நிறம் மறையும் வேகத்தைக் கொண்டு அயோடினை அளப்பது உங்கள் துறை ஆய்வகத்திலேயே செய்யக்கூடியது, செலவும் குறைவு. ஆனால் அந்த எண்ணைத் தனி ஒருவருக்குரியதாகக் கொள்ளக் கூடாது. ஊருக்கு ஊர் நடுவெண்ணை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) கணக்கிட்டு, அது லிட்டருக்கு 100 முதல் 199 மைக்ரோகிராமுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு உப்பில் ஒரு கரண்டி வாங்கி, சட்டம் சொல்லும் 15 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 15 பங்கு) அயோடின் அதில் இருக்கிறதா என்றும் சோதித்துவிடலாம்.

அறிக்கையைப் பொறுத்தவரை, நோயின் பெயரை நீங்கள் எழுத வேண்டாம். யார் எவ்வளவு விரைவில் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதை வழிகாட்டியோடும் ஒரு மருத்துவரோடும் முன்கூட்டியே முடிவு செய்து, நெறிமுறைக் குழு விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். ஹீமோகுளோபின் 8 கிராமுக்குக் கீழ் இருந்தால் அது கடுமையான இரத்தசோகை. அன்றைக்கே தொலைபேசியில் தெரிவித்து, கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். டி.எஸ்.எச். 10க்கு மேல் இருந்தாலோ, கட்டற்ற டி4 தாழ்ந்திருந்தாலோ ஒரு வாரத்துக்குள் மருத்துவரைப் பார்க்கும்படி எழுதுங்கள். 4.5க்கும் 10க்கும் இடையில் இருப்பவர்களுக்கு அவசரமில்லை. இரண்டு மூன்று மாதம் கழித்து மீண்டும் பரிசோதித்து, அதோடு தைராய்டு பெராக்சிடேஸுக்கு எதிரான எதிர்ப்பொருளையும் பார்க்கச் சொல்லலாம். பலருக்கு இரண்டாம் முறை அளவு தானாகவே இறங்கியிருக்கும். கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்கள் மட்டும் காத்திருக்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

இரண்டு குறைகளும் சேர்ந்து கண்டறியப்பட்டு, இரும்பும் தைராக்சினும் ஒருங்கே எழுதப்படவிருக்கும் பெண்களுக்கு அறிக்கையின் கீழே ஒரு வரியைத் தடித்த எழுத்தில் சேர்த்துவிடுங்கள். வயிற்றுக்குள் இரும்பு தைராக்சினோடு பிணைந்து அதை உறிஞ்சவிடாமல் தடுக்கிறது. 1992இல் வெளியான ஓர் ஆய்வில், சீரான அளவில் தைராக்சின் சாப்பிட்டுவந்த 14 பேருக்கு அதே வேளையில் இரும்பு மாத்திரையையும் 12 வாரம் கொடுத்தபோது, சராசரி டி.எஸ்.எச். 1.6இலிருந்து 5.4க்கு ஏறியது. மாத்திரை குறைவு என்று எண்ணித் தைராக்சினை மேலும் மேலும் கூட்டிக்கொண்டே போகும் நிலை இதனால் உண்டாகிறது. சேர்க்க வேண்டிய வரி இது: "தைராய்டு மாத்திரையைக் காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு சாப்பிடுங்கள், இரும்பு மாத்திரையை அதற்குப் பிறகு நான்கு மணி நேரமாவது கழித்துச் சாப்பிடுங்கள்." விடியற்காலையில் ஏலத்துக்குப் போகிற பெண்கள் கிளம்பும்போதே தைராக்சினையும், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இரும்பையும் எடுத்துக்கொள்ளலாம் என்பதைச் செவிலியர் அம்மாவைக் கொண்டு நேரில் சொல்லச் செய்யுங்கள்.